முப்புடாதி காம்ப்ளெக்ஸில் ஆடி கழியாத கதை

நல்லாங்குளம் என்கிற ஊரில் ஒரு தடவை ஆடி மாதம் முடியமாட்டேன் என்று முரண்டு பிடித்து நின்றுவிட்டது. நம்பாதவர்கள் நேரே போய் முப்புடாதி காம்ப்ளெக்ஸின் எஸ்கலேட்டரைக் கேட்டுக்கொள்ளலாம், அந்தப் பேச்சை எடுத்தால் அது இன்றைக்கும் கறக் கறக் என்று இரண்டு சத்தம் போட்டுவிட்டுத்தான் நகரும்.

ஆடி நின்றதில் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், ஒரே ஒருத்தனுக்கு மட்டும் வயிற்றெரிச்சல். அவன் ஆவுடையப்பன். காம்ப்ளெக்ஸின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பெண் பார்க்கப் போன வீடுகளில் அவன் தின்ற கேசரியை ஒன்றாகக் குவித்தால் பொதிகை மலைக்குப் பக்கத்தில் மஞ்சளாக இன்னொரு மலை எழும்பியிருக்கும். ஒரு வீட்டில் ஜாதகம் சேரவில்லை, ஒரு வீட்டில் அவன் உயரம் சேரவில்லை, ஒரு வீட்டில் எல்லாம் சேர்ந்து பெண் மட்டும் வேறொருவனோடு சேர்ந்துவிட்டாள். கடைசியில் உலகம்மாள் என்று ஒருத்தி சரி என்றாள். அதாவது, அவள் சரி என்றதாக அவள் வீட்டார் சொன்னார்கள். ஆவணி முதல் தேதி, திங்கட்கிழமை, காலை முகூர்த்தம், அதே காம்ப்ளெக்ஸின் நாலாவது மாடியில் இருக்கிற கல்யாண மண்டபத்தில். அதற்கு முந்தின வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் ஆடித் தள்ளுபடியின் கடைசி மூன்று நாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஊரே காம்ப்ளெக்ஸுக்குள் இருந்தது. கீழே பாத்திரம், முதல் மாடியில் ரெடிமேட், இரண்டாவது மாடியில் சேலையும் துண்டும், மூன்றாவது மாடியில் ஐஸ்கிரீமும் செல்வினுடைய வீடியோ கேம் கடையும், நாலாவதில் மண்டபம், அதற்கு மேலே மொட்டை மாடி. செல்வினின் கடையில், செத்தவர்கள் எழுந்து நடந்து வருகிற ஜோம்பி விளையாட்டு ஒன்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். ஜெனரேட்டர் உறுமிய உறுமலில், டிவிக்கு உள்ளே நடக்க வேண்டியவர்கள் டிவிக்கு வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். காரணம் அவ்வளவுதான். டீசல் ஊற்றியவரைப் பிறகு விசாரித்தபோது, வழக்கமாக ஊற்றுகிற டீசல்தான் என்றார்.

வந்தவர்கள் சாம்பல் நிறத்தில், ஒற்றைச் செருப்போடு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, எதையோ தேடுகிற கண்ணோடு, முன்னால் போகிறவர் முதுகை முட்டிக்கொண்டு நடந்தார்கள். தள்ளுபடிக் கூட்டமும் அப்படித்தான் நடக்கும் என்பதால் வெகுநேரம் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதல் மாடி விற்பனைப் பெண், அவர்களில் ஒருத்திக்கு ஏழெட்டு நைட்டிகளைப் பிரித்துக் காட்டி, "இதுவும் பிடிக்கலையாக்கா?" என்று சலித்துக்கொண்ட பிறகுதான், அந்த அக்கா அவள் தோளில் வாயை வைத்தாள். கடிபட்டவள் ஒரு நிமிஷம் யோசித்தாள், கழுத்தைச் சாய்த்தாள், அக்காவோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

காம்ப்ளெக்ஸ் முதலாளி தவசி அண்ணாச்சிக்குச் சேதி போனதும் அவர் செய்த முதல் காரியம் ஷட்டரை இழுத்து மூடியது. "செத்தவன்னாலும் சரி, உசுரோட இருக்கிறவன்னாலும் சரி, பில்லு போடாம ஒருத்தரும் வெளிய போகப்படாது" என்றார். மூடிய ஷட்டர் அதற்குப் பிறகு திறக்கவில்லை. பத்துப் பேர் தொங்கியும் திறக்கவில்லை.

செல்வினை மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் அந்த விளையாட்டை முன்பே பல தடவை ஆடித் தோற்றவன். "மூணு நாள் கணக்கு இது. ஞாயித்துக்கிழமை பொழுதடையிற நேரத்துக்கு மொட்டை மாடிக்கு ஹெலிகாப்டர் வரும். அது எறங்கி ஆளை ஏத்திக்கிட்டுப் போயிட்டா ஆட்டம் முடிஞ்சுது, திங்கட்கிழமை விடியும். ஏத்தாமப் போயிட்டா மறுபடியும் வெள்ளிக்கிழமை காலைல இருந்து. கடிபட்டவங்களும் எந்திரிச்சிருவாங்க, கத்துக்கிட்டதும் மறக்காது, ஆனா மத்ததெல்லாம் பழையபடி."

"மத்ததுன்னா, தள்ளுபடியும் பழையபடியா?" என்று தவசி அண்ணாச்சி கேட்டார்.

"எல்லாமே பழையபடிதான் அண்ணாச்சி."

அண்ணாச்சி முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனதை ஆவுடையப்பன் கவனித்தான். அதற்குமேல் அவன் அங்கே நிற்கவில்லை. காரணம், உலகம்மாள் வீட்டார் கூறைச்சேலை எடுக்க அன்றைக்குத்தான் இரண்டாவது மாடிக்கு வந்திருந்தார்கள்.

தலையில் இட்லிச் சட்டியைக் கவிழ்த்து, இடது கையில் அண்டா மூடியும் வலது கையில் குடையுமாக அவன் ஏறினான். குடை மூன்றாவது அடியிலேயே கம்பி கம்பியாகப் பிரிந்தது. தள்ளுபடியில் எடுத்த குடை. எஸ்கலேட்டரில், டை கட்டிய ஒரு செத்தவர் இறங்குகிற படியில் ஏறிக்கொண்டிருந்தார். அவர் ஒரு படி ஏற, படி ஒன்று கீழே வர, நின்ற இடத்திலேயே மும்முரமாக நடந்துகொண்டிருந்தார். இரண்டாவது மாடியில் உலகம்மாளின் அத்தைமார் சேலைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்று செத்தவர்கள் ஒரு முந்தானையின் நுனியைப் பிடித்தபடி நின்றார்கள்.

"எல்லாரும் எந்திரிங்க, மேல போயிருவோம்" என்றான்.

"மாப்பிள்ளை நல்ல நேரத்துல வந்தீய" என்றாள் பெரிய அத்தை. "இந்த மாம்பழக் கலரா, அந்த அரக்கா? ஒரு வார்த்தை சொல்லுங்க. இவங்க மூணு பேரும் அரக்கை விடமாட்டேங்காவ."

உலகம்மாள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிற வேலை பார்ப்பவள். ஊர் பாதி அவளுக்கு முன்னால் கையை நீட்டிக் கண்ணை மூடியிருக்கிறது. அதனால் இந்தக் கடியெல்லாம் அவளை அசைக்கவில்லை. பெண் பார்த்த அன்றைக்குப் பிறகு அவனைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்: "முதல்ல அந்த இட்லிச் சட்டியைக் கழட்டுங்க. செத்தவங்களே சிரிக்காங்க."

முதல் மூன்று நாளும் ஊர் சண்டை போட்டது. எதைக் கொண்டு அடித்தாலும் மூன்று நாலு அடியில் உடைந்தது, தோசைக்கல் மட்டும் ஐந்து தாங்கியது. ஆவுடையப்பன் ஒரு மாப்புக் கம்பில் மிக்ஸி மோட்டாரைப் பொருத்திச் சுழற்றினான். அது செத்தவர்களை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் தரையை அப்படித் துடைத்தது, செத்தவர்கள் வரிசையாக வழுக்கிக்கொண்டு போய்ச் செருப்புக் கடைக்குள் விழுந்தார்கள். தவசி அண்ணாச்சி மைக்கில், "முதல் மாடியில் ஒரு சேலைக்கு ஒரு சேலை இலவசம்" என்று கூவினால் செத்தவர்கள் எல்லாரும் முதல் மாடிக்குப் போய்விடுவார்கள், உயிரோடிருப்பவர்கள் மேலே தப்பிக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். அறிவித்த மறுநிமிஷம் செத்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு உயிரோடிருந்தவர்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். உருப்படியான ஒரே தந்திரத்தைக் கண்டுபிடித்தவர் உலகம்மாளின் தாய்மாமன் கொம்பையா. மினிபஸ் கண்டக்டர். ஓடிக் களைத்து, விலைச் சீட்டு ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு ஜவுளிக்கடை பொம்மைபோல் கையை வளைத்து அசையாமல் நின்றார். செத்தவர்கள் மோந்து பார்த்தார்கள், சீட்டைத் திருப்பிப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஊர் முழுக்க விலைச் சீட்டோடு திரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்துக்கு, சொன்னபடியே, மேற்கே இருந்து ஹெலிகாப்டர் வந்தது. மொட்டை மாடியில் ஊர் நெருக்கிக்கொண்டு நின்றது. அது மெல்ல மெல்லத் தாழ்ந்து, அதன் காற்றில் வேட்டிகளெல்லாம் படபடக்க, இன்னும் ஓர் ஆள் உயரம் இறங்கினால் தரை என்கிற இடத்தில், நாற்பது வருஷப் பழக்கம் கையில் ஊறிப்போன கொம்பையா, தோளில் கிடந்த துண்டை உருவி, "ஜன்னலோரம் நமக்கு" என்று ஒரு வீச்சு வீசினார்.

ஒருவர் இடம் பிடித்துவிட்டால் பிறகு மற்றவர்கள் நிற்பார்களா? துண்டு, கைக்குட்டை, தூக்குச்சட்டி, ஒரு பாட்டரி டார்ச், யாருடைய குழந்தையுடையதோ ஒரு ஜட்டி எல்லாம் பறந்தன. கொம்பையாவின் துண்டு நேரே இறக்கையில் போய்ச் சுற்றிக்கொண்டது. ஹெலிகாப்டர் தொண்டையில் முள் மாட்டியதுபோல் இரண்டு தடவை இருமி, ஒரு பக்கம் சாய்ந்து, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. வானம் இருண்டது. இருட்டு விலகினபோது வெள்ளிக்கிழமை காலை. சேலைகளெல்லாம் மடித்தது மடித்தபடி, ஜெனரேட்டர் உறுமியது, டை கட்டியவர் இறங்குகிற படியில் காலை வைத்தார்.

அப்படித்தான் ஆடி நின்றது.

ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? அழுதிருக்க வேண்டும். ஊர் அழவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமை கொஞ்சம் முனகியது, மூன்றாவது வெள்ளிக்கிழமை பழகிக்கொண்டது, நாலாவது வெள்ளிக்கிழமை அதற்கு ருசி கண்டுவிட்டது. எடுத்த சேலை பிடிக்காவிட்டால் கவலை இல்லை, வெள்ளிக்கிழமை அது தானாக அலமாரிக்குப் போய்விடும்; எத்தனை ஐஸ்கிரீம் தின்றாலும் சர்க்கரை ஏறாது, வெள்ளிக்கிழமை ரத்தம் பழையபடி ஆகிவிடும் என்று உலகம்மாளே குத்திப் பார்த்துச் சொன்னாள். வந்தவர்களைச் செத்தவர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை இல்லை என்று 'வந்தவங்க' என்று சொல்லிக்கொண்டார்கள். டை கட்டியவருக்கு மேனேஜர் என்று பேர் வைத்தார்கள், போகிறபோதும் வருகிறபோதும் "மேனேஜர் சார், எதுவரைக்கும் வந்தாச்சு?" என்று விசாரித்தார்கள். முட்டிவலிக்காரர்கள், "இந்த வாரம் நமக்கு முடியலப்பா, ஒரு கடி வாங்கிக்கிட்டு நின்னுக்கிடுதேன், வெள்ளிக்கிழமை பாப்போம்" என்று சொல்லிக் கையை நீட்டினார்கள். வந்தவர்களுக்கு முட்டி வலிப்பதில்லை. தவசி அண்ணாச்சியோ, முடியாத தள்ளுபடியின் நடுவே பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை வேண்டும் என்று கேட்க ஊரில் ஆவுடையப்பனைத் தவிர ஆள் இல்லை.

"மாமா, நாள் பாத்தது போதும். மண்டபம் இருக்கு, தாலி என் பையில இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமையே கட்டிருதேன்" என்று கொம்பையாவிடம் கெஞ்சினான்.

"ஆடியில தாலியா? ஊரு என்ன சொல்லும் மாப்ளே?"

"ஊரு செத்தவங்ககூட சேர்ந்து சேலை எடுத்துக்கிட்டு இருக்கு. அது என்ன சொல்லப்போவுது?"

"அது வேற. ஆடி வேற" என்றார் கொம்பையா, முடிவாக.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த வெள்ளி சனி ஞாயிறுகளில் அவனும் சும்மா இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தவர்கள் திடீரென்று கூட்டமாகப் புகுந்துவிட, அவனும் உலகம்மாளும் முதல் மாடிக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓடி, அங்கே மணமக்கள் பொம்மைகளை நகர்த்திவிட்டு, அவன் கோட்டும் அவள் மாலையுமாக விலைச் சீட்டோடு அசையாமல் நின்றார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்ற கூட்டம் நகரவே இல்லை. பொழுது சாயும்வரை உதட்டை அசைக்காமல் பேசிக்கொண்டே நின்றார்கள். அவனுக்குப் பல்லி என்றால் பயம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குக் கேசரி அறவே பிடிக்காது என்பது அவனுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தான் தேடினது இந்த ஒருத்தியைத்தான் என்று அவனுக்கு அப்போதே பட்டுவிட்டது. அடுத்த சனிக்கிழமையும் அந்தக் கூண்டுக்குப் போனார்கள், வந்தவர்கள் யாரும் துரத்தாமலே.

அவளைத் தெரியத் தெரியத் திங்கட்கிழமை இன்னும் அதிகமாக வேண்டியிருந்தது. ஊரை ஒவ்வொருவராகப் பிடித்து, துண்டு வீசக் கூடாது என்று சத்தியம் வாங்கினான். தவசி அண்ணாச்சியிடம் கெஞ்சித் துண்டுக்கட்டுகளை ஒளிக்கவைத்தபோது ஊர் போர்வையை வீசியது. போர்வையை ஒளித்தபோது பாவாடையை வீசியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருந்தினார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொம்பையா தன் இரண்டு கையையும் தானே கொடிக்கயிற்றில் கட்டிக்கொண்டு நிற்க, ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஹெலிகாப்டர் தாழ்ந்து தாழ்ந்து வர, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பச்சைத் துண்டு மட்டும் அழகாக வளைந்து போய் இறக்கையில் விழுந்தது.

அடுத்த ஞாயிறும் அதே பச்சைத் துண்டு. அதற்கு அடுத்ததும்.

"நான் இல்ல மாப்ளே. என் கட்டைப் பாரு" என்று கொம்பையா கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார். "ஆனா ஒண்ணு, போடுறவன் கை நல்ல கை. நம்ம குடும்பத்துக் கை மாதிரி இருக்கு."

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆவுடையப்பன் முன்னதாகவே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு பல்லியைக்கூடப் பொறுத்துக்கொண்டு, பதுங்கியிருந்தான். தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. பச்சைத் துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றவள் உலகம்மாள்.

"நீதானா?"

"நான்தான்."

"முதல்ல இருந்தேவா?"

"முதல்ல எங்க மாமா. அப்புறம் ஊரு. ஊரு திருந்தின பிறகு நான்." அவள் ஒளிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. "பொண்ணு பாக்க வந்து பத்து நிமிஷம் உக்காந்திருந்தீய. அதுல பாதி நேரம் எங்க வீட்டு மிக்ஸியைப் பாத்துக்கிட்டு இருந்தீய. எனக்கு உங்களைப் பத்தி என்ன தெரியும்? எல்லாரும் சரின்னாவ, நான் சும்மா இருந்தேன், சும்மா இருந்ததைச் சரின்னு எடுத்துக்கிட்டாவ. வேண்டாம்னு சொல்லக் காரணம் இல்ல. வேணும்னு சொல்லவும் காரணம் இல்ல. அப்பப் பாத்து இந்த வெள்ளிக்கிழமை திரும்பி வந்துச்சு. பொம்பளை யோசிக்கட்டும்னு இப்படி நாளை நிறுத்திவச்சு யாரு குடுப்பா, சொல்லுங்க."

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அது கிளம்பி, பாதி வழியில், இறங்குகிற எஸ்கலேட்டரில் ஏறினதுபோல் நின்றுவிட்டது. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இதையும் வச்சுக்கிடு. பச்சை சின்னது, காத்து அடிச்சா எட்டாது."

அவள் துண்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "உங்களுக்கு அவசரம் இல்லையா?"

"நெறைய இருக்கு. ஆனா அது என் அவசரம்தான."

ஹெலிகாப்டர் தலைக்கு மேலே வந்துவிட்டது. உலகம்மாளின் கை உயர்ந்தது, கொஞ்ச நேரம் உயரத்திலேயே நின்றது, அப்புறம் துண்டோடு கீழே இறங்கியது. அன்றைக்குத்தான் ஹெலிகாப்டர் முதல் தடவையாகத் தரையைத் தொட்டது. கதவு தானாகத் திறந்தது.

ஒருவரும் ஏறவில்லை.

ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொம்பையா கட்டை அவிழ்த்துக்கொண்டு போய் உள்ளே எட்டிப் பார்த்தார். ஓட்டுகிற இடத்தில் தொப்பி இருந்தது, தொப்பிக்குக் கீழே ஒன்றும் இல்லை. "ஏ தம்பி, வண்டி எங்க போவுது?" என்றார். தொப்பி பேசவில்லை. "போர்டு இல்ல பாத்தியளா" என்று ஊரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "போர்டு இல்லாத வண்டியில எவனாவது ஏறுவானா? கொண்டுபோய்த் தென்காசியில விட்டுட்டா?" அது நியாயமாகத்தான் பட்டது. ஹெலிகாப்டர் காத்திருந்து பார்த்துவிட்டு வெறுமனே போனது, மறுபடி வெள்ளிக்கிழமை விடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை உலகம்மாள் இறங்கி வந்து ரிப்பேர்க் கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நான் யோசிச்சு முடிச்சுட்டேன்" என்றாள். அவன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது. "எனக்குத் திங்கட்கிழமை வேணும். அதனால சொல்லுதேன். நாம எதுக்கு அந்த வண்டியில ஏறணும்? நாம இந்த ஊருக்காரங்க. வண்டி யாருக்கு வருது? வந்தவங்களுக்கு. வீட்டுக்கு வந்தவங்களை வாங்கன்னு ஒரு வார்த்தை யாராவது சொன்னோமா? பாத்த உடனே தோசைக்கல்லால அடிச்சோம். நான் எத்தனையோ வெள்ளிக்கிழமையா பாக்கேன், அவங்க மூக்கு நம்ம பக்கம் இல்ல, மேல பாத்துத்தான் இருக்கு. நாலாவது மாடி அடுக்களையில கல்யாணத்துக்கு எறக்கின அரிசியும் பருப்பும் இருக்கு. பசி. பசியில கிடைச்சதைக் கடிக்காவ."

செல்வினைக் கேட்டார்கள். விளையாட்டில் அப்படி ஒரு வழி இல்லை என்றான். கொஞ்சம் யோசித்து, "யாரும் செஞ்சு பாத்ததில்ல" என்று திருத்திக்கொண்டான்.

அத்தைமார் மட்டும் மறித்தார்கள். "கல்யாணச் சாமானை இவங்களுக்குப் பொங்கிப் போட்டுட்டா, திங்கட்கிழமை பந்திக்கு என்னத்தைப் போடுவ?"

"முதல்ல திங்கட்கிழமை வரட்டும் அத்தை."

இன்னொரு பயமும் இருந்தது, அதை ஆவுடையப்பன்தான் மைக்கில் சொன்னான். "இந்தத் தடவை யாரும் கடி வாங்காதீய. திங்கட்கிழமை விடிஞ்சுட்டா அப்புறம் வெள்ளிக்கிழமை வந்து உங்களை எழுப்பிவிடாது. முட்டிவலிக்காரங்க தயவுசெஞ்சு முட்டிவலியோடயே இருங்க."

மூன்று நாளும் ஊர் அசையாப் பொம்மையாக நின்று நின்று, ஆளுக்கொரு வேலையாகக் காய் நறுக்கியது, தேங்காய் துருவியது, இலை துடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபத்து வாசலில் பன்னீர்ச் சொம்போடு உலகம்மாளும் சந்தனக் கிண்ணத்தோடு ஆவுடையப்பனும் நின்றார்கள், விலைச் சீட்டைக் கழற்றிவிட்டு. படியேறிச் சாம்பல் கூட்டம் வந்தது. முன்னால் வந்தவர் வாயைத் திறந்துகொண்டு அவள் கழுத்துக்கு நேரே வந்தார். ஆவுடையப்பன் சந்தனக் கிண்ணத்தைக் குறுக்கே நீட்டினான். அவள் பன்னீரைத் தெளித்து, "வாங்க, வாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றாள்.

திறந்த வாய் அப்படியே நின்றது. எத்தனை காலமாகவோ யாரும் அவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. வாயை மூடிக்கொண்டார், நெற்றியில் சந்தனம் வாங்கிக்கொண்டார், உள்ளே போய் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பிறகு பாருங்கள், அது பந்தி. சாம்பாருக்குச் சோற்றில் குழி பறித்தார்கள், அப்பளத்தை நொறுக்கினார்கள், ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார்கள்; இடம் கிடைக்காதவர்கள் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் இடித்துக்கொண்டு நின்று அவர் எப்போது மோருக்கு வருவார் என்று இலையையே பார்த்தார்கள். அதைக் கண்டதும்தான் ஊருக்கு இவர்கள் அந்நியர் இல்லை என்று விளங்கியது. பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த கொம்பையாவின் முழங்கையை ஒருத்தர் ஆசையாக மோந்தபோதுகூட, "கையைக் காலை உள்ள வச்சுக்கிடணும்" என்று அவர் கண்டக்டர் குரலில் சொன்னார், மோந்தவரும் உள்ளே வைத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்து இலையைத் தம் பக்கமாக மடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

ஹெலிகாப்டர் வந்தது. ஆவுடையப்பன் ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து, 'வந்த இடம் (வழி: நல்லாங்குளம்)' என்று பெயிண்டில் எழுதி அதன் முகப்பில் மாட்டினான். ஆளுக்கொரு தாம்பூலப் பை, பைக்கு ஒரு தேங்காய். அத்தனை பேரும் அந்தச் சின்ன வண்டிக்குள் எப்படிக் கொள்வார்கள் என்று கேட்கிறவர்கள் திருவிழா நாளில் மினிபஸ் ஏறாதவர்கள். கொம்பையா படியில் தொங்கிக்கொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீய, பின்னால பந்தல் போடுற அளவுக்கு இடம் கெடக்கு" என்று சொல்லச் சொல்ல, உள்ளே இடம் விரிந்துகொண்டே போனது. கடைசி ஆளையும் முதுகில் கைவைத்து ஏற்றிவிட்டு, அவர் இறங்கி, விசில் ஊதி, "ரைட், போகலாம்" என்று தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

ஹெலிகாப்டர் எழும்பியது, பாரத்தில் மிக மிக மெதுவாக. ஒரு துண்டு எட்டுகிற உயரத்திலேயே வெகுநேரம் நின்றது. உலகம்மாளின் கையில் பச்சைத் துண்டு இருப்பதை ஆவுடையப்பன் பார்த்தான். பார்த்துவிட்டு, வேண்டுமென்றே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏங்க, இங்க திரும்புங்க" என்றாள் அவள். திரும்பினான். அந்தத் துண்டால் அவன் கன்னத்தைத் துடைத்தாள். "பாயசம்."

ஹெலிகாப்டர் ஒரு புள்ளியாகிப் போய்விட்டது.

விடிந்தபோது ஆவணி. ஷட்டர் தானாகச் சுருண்டு மேலே போனது, தெரு தெரிந்தது, தெருவில் திங்கட்கிழமை பால்காரர் போய்க்கொண்டிருந்தார். ஊர் முழுக்க, முகூர்த்தத்துக்கு நிற்காமல், சொந்தப் பாயில் படுத்து எத்தனை காலமாயிற்று என்று விழுந்தடித்து வீட்டுக்கு ஓடியது. வெறிச்சென்ற மண்டபத்தில் அத்தைமாரும், கொம்பையாவும், செல்வினும், முடிந்துபோன தள்ளுபடிக்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த தவசி அண்ணாச்சியும் மட்டும் இருக்க, ஆவுடையப்பன் தாலியை எடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கரண்ட் போனதும் எஸ்கலேட்டர் நின்றது. எஸ்கலேட்டர் நின்றதும், அத்தனை ஆடியாக நின்ற இடத்திலேயே ஏறிக்கொண்டிருந்த மேனேஜர், முதல் தடவையாக ஒரு படி ஏறினார், அப்புறம் ஒரு படி, அப்புறம் ஒவ்வொரு மாடியாக ஏறி, டையைச் சரிசெய்துகொண்டு மண்டப வாசலில் வந்து நின்றபோது, சரியாக மூன்றாவது முடிச்சு விழுந்தது. வண்டியைத் தவறவிட்டவர். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் அட்சதைத் தட்டைப் பார்த்தார். ஒரு கை அள்ளி வீசினார். ஒன்றுகூடக் கீழே சிந்தாமல் இரண்டு தலையிலும் விழுந்தது.

பந்தி நேரத்துக்கு ஊர் குளித்துத் தலைவாரிக்கொண்டு, எதுவும் நடக்காததுபோலத் திரும்பி வந்துவிட்டது. இலையில் உப்புமாதான். உப்புமாவுக்கும் அடிதடிதான், கண்மூடித் திறப்பதற்குள் எல்லா இடமும் நிறைந்து, ஆள் மேல் ஆளாக நின்றார்கள். ஆனால் முதல் பந்தியில், முதல் இலைக்கு முன்னால் இருந்த நாற்காலி மட்டும் காலியாகவே கிடந்தது. அதன்மேல் உலகம்மாள் ஒரு பச்சைத் துண்டைப் போட்டு வைத்திருந்தாள். மேனேஜர் அத்தனை பெரிய மண்டபத்தை, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, அவருக்கே உரிய நிதானத்தோடு நடந்து வந்து சேரும்வரை, உப்புமா ஆறிப்போனாலும், யாரும் அதில் உட்காரவில்லை. துண்டு போட்ட இடத்தில் உட்காருகிற பழக்கம் நல்லாங்குளத்தில் எந்தக் காலத்திலும் கிடையாது.